பூசணிக்காயில இருந்தது யாரு மூஞ்சி?

சொல்றது அத்தனையும் சத்தியம், பிள்ளைகளா! இதுல ஒரு வார்த்தை பொய்னாலும், நாளைக்குக் காலைல எங்க வீட்டுத் தோசை கல்ல விட்டு எந்திரிக்காமப் போகட்டும்!

ஒரு காட்டுல சிரிப்பாயின்னு ஒரு கழுதைப்புலி இருந்தா. அழுதாலும் சிரிக்கிற சத்தம்தான் வரும். தொண்டை வாகு அப்படி. மூணு குட்டி போட்டு அஞ்சு நாளாச்சு, ஒண்ணுக்கும் இன்னும் கண்ணு தொறக்கல. மழை மாசம் வேற. காட்டுலயே ஒழுகாத குகை ஒண்ணே ஒண்ணுதான். அது சிரிப்பாயி குகை.

அந்தக் குகை மேல நரிக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு. காட்டுக்கே புராணம் சொல்றவன் அவன்தான். ஒருநாள் எல்லாரையும் ஆலமரத்தடியில கூட்டி வச்சு ஆரம்பிச்சான்.

"கொடுவாயன்னு ஒரு அசுரன். சாமி அவன் தலையச் சீவினப்போ, அவன் கடைசியாச் சிரிச்ச சிரிப்பு மண்ணுல விழுந்துச்சு. விழுந்தது எந்திரிச்சுது. எந்திரிச்சது யாரு? கழுதைப்புலி! கெட்டது அதுக ரத்தத்துலயே இருக்கு. கண்ணு தொறக்காத குட்டியும் அதே ரகம்தான். பொழுது சாயறதுக்குள்ள ஆத்துக்கு அந்தப் பக்கம் துரத்துங்க!"

"ஆமா ஆமா, அவ சிரிச்சா நான் வளைக்குள்ள ஓடிருவேன்"ன்னுச்சு முயல்.

தலைவர் யானை காத ஆட்டிச்சு. கடைசியா யாரு பேசுறாங்களோ, அவங்க பக்கம்தான் யானை. "கெளம்பும்மா சிரிப்பாயி. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு."

"ஆத்துல வெள்ளம் தலைவரே. என் வாயில ஒரு குட்டியத்தான் தூக்க முடியும். மத்த ரெண்டையும் உங்க மனசு கஷ்டமா தூக்கும்?"

யானை தும்பிக்கையப் பாத்துக்கிச்சு. சிரிப்பாயி திரும்பினா.

"நரியண்ணே, என்னைச் செஞ்சது யாரு?"

"சாமி."

"அப்போ சண்டைய அங்க போய்ப் போடு. மாவு அரைச்சது அவரு. இட்லி கல்லா இருக்குன்னு இட்லியப் போட்டு உதைக்கிறீங்களே!"

"பாத்தீங்களா அந்த வாய? கொடுவாயன் வாயேதான்!"ன்னு நரி குதிச்சான்.

சிரிப்பாயி அழல. அழுதா சிரிக்கிறான்னு சொல்லுவாங்க. விறுவிறுன்னு முயல் வளைக்குப் போனா. மொத்தக் கூட்டமும் பின்னாலயே வந்துச்சு. வாசல்ல ஒரு பூசணிக்காய் தொங்குச்சு. அதுல கரியால ஒரு மூஞ்சி, பல்லு துருத்திக்கிட்டு, நாக்குத் தொங்கிக்கிட்டு. ஒரே இழுப்பு. கயிறு அறுந்துச்சு.

"அய்யோ, அது திருஷ்டிப் பூசணி! அத ஏன்க்கா அறுக்குற?"ன்னு முயல் ஓடி வந்துச்சு.

"இது யாரு மூஞ்சி?"

"உ... உன் மூஞ்சிதான்."

"எதுக்குக் கட்டியிருக்க?"

"கெட்டது எதுவும் உள்ள வராம இருக்க."

சிரிப்பாயிக்குச் சிரிப்பு வந்துருச்சு. இந்தத் தடவ நெசமான சிரிப்பு.

"கெட்டது என்னைப் பாத்து ஓடுதா? நான் அதுக்குச் சொந்தக்காரின்னா அது ஏன் ஓடணும்? 'அத்தாச்சி, சௌக்கியமா'ன்னு உள்ள வந்து உக்காராதா?"

"அட, ஆமால்ல!" கூட்டத்துல நின்ன முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் நட்டுக்கிச்சு.

"நான் போறேன். ஆனா என் மூஞ்சியும் என்கூடத்தான் வரும். காவலுக்கு நான் வேணும், மழைக்கு ஒதுங்க மட்டும் கூடாதோ?"

முள்ளம்பன்றி வாசல்லயும் ஒரு இழுப்பு. அடுத்து யானை வீடு. இருக்குறதுலயே பெரிய பூசணிக்காய் அங்கதான்.

"தலைவரே, கொஞ்சம் நகருங்க."

"இரு இரு! அத எடுத்துட்டா எங்க வாசலுக்கு யாரு?"

"அதான் நரியண்ணன் இருக்காரே, நல்ல ரத்தம்! அவரு மூஞ்சிய வரைஞ்சு மாட்டுங்க."

"நரி மூஞ்சியா?"ன்னு முள்ளம்பன்றி அலறுச்சு. "கெட்டது வந்து, 'நீ சொன்ன வீடு இதுதானே'ன்னு கேட்டுட்டுல்ல உள்ள நுழையும்!"

கூட்டமே சிரிச்சுது. நரிக்கு மூக்கு செவந்துச்சு. "புராணத்துல விளையாடாதீங்க!"

"சரி, விளையாடல. அந்த அசுரன் சிரிச்சப்போ நீ எங்க நின்ன?"ன்னா சிரிப்பாயி.

"எங்கப்பா சொல்லிக் கேட்டேன்."

"அவரு எங்க இருந்து சொன்னாரு?"

"எங்க இருந்தா? மழையில ராவெல்லாம் ஒழுகுற குகையில உக்காந்து, உங்க குகையவே பாத்துக்கிட்டு..."

நரி வாயப் பொத்திக்கிட்டான். பொத்தி என்ன பண்ண? எல்லாரு காதுலயும் விழுந்தாச்சு.

யானை தொண்டையச் செருமுச்சு. "சிரிப்பாயி, நீ இங்கயே இருந்துக்கம்மா."

"உங்ககிட்ட நான் கேக்கவே இல்லையே தலைவரே. இருக்கத்தான் போறேன்."

"அந்தப் பூசணிக்காய..."

"மாட்டுறேன். ஆனா நாக்க நான்தான் வரைவேன். எனக்கு இவ்வளவு நீளம் கெடையாது!"

சாயங்காலம் கொட்டுச்சு பாருங்க மழை! மூணு குட்டியும் ஒரு சொட்டு நனையல. நரி மட்டும் ஒழுகுற குகையில குந்திக்கிட்டு, புதுசா ஒரு புராணம் யோசிச்சுக்கிட்டிருந்தான்.

நீதி: 'பொறப்புலயே கெட்டவன்'னு ஒருத்தன் கதை சொன்னா, கெட்டவனத் தேடாத, சொல்றவன் வீடு ஒழுகுதான்னு பாரு.

கதை முடிஞ்சுது, ஆளுக்கு ரெண்டு முறுக்கு எடுத்து வைங்க. தராதவன் மூஞ்சிதான் இந்த வருசம் எங்க வீட்டுப் பூசணிக்காயில!