இரண்டு விரல் இடைவெளி

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. நம்பாமலேயே பலருக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

எனக்குச் சொன்னவர் குணாளன். கதையில் வரும் சீடரும் அவர்தான்.

கோபத்தில் மகனை ஸ்பேனரால் அடித்துவிட்டு, மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்தவர் அவர். "அந்தக் கோபத்தை எங்கேயாவது தொலைச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் இந்த வாசப்படி ஏறாதீங்க" என்று மனைவி சொல்லியிருந்தாள். ஆசிரமத்தில் வேன் ஓட்டுவதும் அதைப் பழுது பார்ப்பதும் அவர் வேலை.

ஒரு காலையில் குருவின் முன் போய் நின்றார்.

"சாமி, எனக்குக் கோபம் போயிடுச்சு. வீட்டுக்கு அனுப்புங்க."

குரு வேனைப் பார்த்தார். முந்தின நாள்தான் குணாளன் அதற்கு வேறு ரிம்மும் அகலமான டயரும் மாட்டியிருந்தார்.

"சக்கரம் சரியா உட்கார்ந்துச்சா?"

"நான் கேட்டது வேற, சாமி."

"நான் கேட்டது இது."

"உட்கார்ந்துச்சு. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ரெண்டு விரல் தாராளமா போகும்."

"கோபம் போனது எப்படித் தெரிஞ்சுது?"

"ரொம்ப நாளா தனியாத்தான் இருக்கேன். யார்கூடவும் பேசறதில்லை. ஒரு தடவைகூட வரலை."

குரு எழுந்துபோய் மணியை அடித்தார்.

சமையற்கட்டிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் எல்லாரும் வந்தார்கள்.

"வேன்ல ஏறுங்க."

"மலைக்கா, சாமி?"

"எங்கேயும் இல்லை. ஏறி உட்காருங்க."

சமையல் செய்யும் வைரமணி டயரைக் காலால் தட்டினான்.

"என்னண்ணே, வேனுக்கு யானைக்கால் வந்துடுச்சா?"

"வாயை மூடிக்கிட்டு ஏறுடா."

ஆட்கள் ஏற ஏற வேன் அமுங்கியது. குணாளன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

"முழுசாத் திருப்பு" என்றார் குரு.

திருப்பினார். கர்ரென்று டயர் தகரத்தில் தேய்ந்தது.

"அண்ணே, வண்டியும் உங்களை மாதிரியே பல்லைக் கடிக்குது!" வைரமணியின் குரல். வேன் முழுக்கச் சிரிப்பு.

"இன்னொரு தடவை" என்றார் குரு.

கர்ர்.

"இன்னொரு தடவை."

குணாளன் கதவை உதைத்துத் திறந்து இறங்கினார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"ரிம் வித்தவன் ஏமாத்திட்டான், சாமி. ஆஃப்செட் தப்பு. போல்ட் மாட்டற இடம் உள்ளே தள்ளியிருக்கு, அதான் டயர் வெளியே பிதுங்குது. இவனுங்க வேற மூட்டை மாதிரி ஏறி உட்கார்ந்திருக்கானுங்க. இவனுங்களை இறக்குங்க. சத்தம் தானா நிக்கும்."

"மாட்டும்போது தெரியலையா?"

"மாட்டும்போது வண்டி காலியா நின்னுது! நேரா நின்னுது! எப்படித் தெரியும்?"

அவர் கத்திய கத்தலில் வேனுக்குள் சிரிப்பு நின்றது.

குரு வேன் கதவைக் காட்டி, "ஏறு. சக்கரத்தை நேராக்கு" என்றார்.

குணாளன் ஏறி நேராக்கினார்.

குரு வலது முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். டயர் தேய்கிற இடத்தில், தகரத்துக்கு உள்ளே, இரண்டு விரலை விட்டார்.

"இப்போ திருப்பு."

குணாளன் திருப்பினார்.

கர்ரென்ற சத்தம் வரவில்லை.

"பாரு" என்றார் குரு. "சத்தம் நின்னுடுச்சு."

வைரமணிதான் முதலில் குதித்து இறங்கினான். குருவின் நகங்கள் பிய்ந்து தொங்கின. டயரின் கறுப்பில் ரத்தம் தெரியவில்லை. மண்ணில் தெரிந்தது.

"சாமி விரலை வெச்சது எனக்குத் தெரியாது" என்பார் குணாளன். "பார்த்த நொடியே என் கோபம் செத்துப்போச்சு. அன்னைக்கே சாமி என்னை வீட்டுக்கு அனுப்பிட்டார்."

இந்த இடத்தில் கேட்பவர்கள் கைகூப்புவார்கள். நானும் கூப்பியிருக்கிறேன்.

நானும் அதே மாதிரி வேன் ஓட்டுகிறவன். கோபக்காரன். என் வீட்டில் இப்போது யாரும் என்னை எதிர்த்துப் பேசுவதில்லை. அதை அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம், தெரிந்தவர் ஒருவரை என் வேனின் வலது முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தச் சொன்னேன். "கையை மட்கார்டு ஓரத்துல வைங்க." அவர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு வைத்தார். நான் எஞ்சினைப் போடாமல், சாவியைக் கீழேயே விட்டுவிட்டு, மேலே ஏறி உட்கார்ந்தேன்.

ஜன்னல் வழியே குனிந்த முதுகு தெரிந்தது. தோள் தெரிந்தது. முழங்கை தெரிந்தது. மணிக்கட்டு வரைக்கும் தெரிந்தது.

நேரே குணாளன் வீட்டுக்குப் போனேன்.

அவருடைய மகன் காப்பி கொண்டுவந்து வைத்தான். புருவத்தை வெட்டிக்கொண்டு போகும் அந்தப் பழைய தழும்பு. அப்பாவைப் பார்க்காமலேயே தம்ளரை அவர் பக்கம் நகர்த்திவிட்டு உள்ளே போனான்.

குணாளன் சிரித்தார். "என்ன, மறுபடியும் சாமி கதை கேட்கணுமா?"

"ஒண்ணே ஒண்ணு கேட்கணும்" என்றேன். "கை உள்ளே இருந்ததைப் பார்த்தீங்க. அப்புறம் ஏன் திருப்பினீங்க?"