பரிபூரணத்தம்மாளுக்கு விழுந்த வசனம்

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் உப்புவிளை என்ற ஊரின் ஆலயத்தில் பரிபூரணத்தம்மாள் பெருக்குகிற வேலை பார்த்துவந்தார். பெருக்குவது என்பது சம்பளத்துக்காகச் சொல்லப்படும் பெயர். மணி அடிப்பது, பாய் விரிப்பது, வௌவால் எச்சத்தைச் சுரண்டுவது, திருவிருந்துப் பாத்திரங்களைப் புளி போட்டு விளக்குவது, பின்பக்கத்துக் கக்கூஸைக் கழுவுவது எல்லாம் அதற்குள் அடங்கும். திருப்பணிக்கு உதவியவர்களின் பெயர்கள் ஆலய முகப்பில் பளிங்கில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மின்விசிறி கொடுத்தவரின் பெயர் அதன் இறக்கையிலேயே எழுதப்பட்டிருப்பதால், விசிறி சுற்றும் நேரத்தில் மட்டும் அவருக்குத் தாழ்மை உண்டு. அம்மாளின் பெயர் எங்கும் இல்லை. தினமும் விடியலில் வந்து, விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, பீடத்தின் முன் முழங்காலிட்டு, "ஆண்டவரே, வந்துட்டேன், வேலயச் சொல்லும்" என்பார். அவருடைய முழு ஜெபமும் அவ்வளவுதான்.

அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதைவிடப் பெரிய குறை, அவருக்குப் பிரசங்கம் கேட்கத் தெரியாது. உப்புவிளைச் சபையார் பிரசங்கம் கேட்பதில் தேர்ந்தவர்கள். எங்கே தலையாட்டுவது, எங்கே கண்ணைத் துடைப்பது, எந்த இடத்தில் பக்கத்து வரிசைக்காரரை அர்த்தத்தோடு பார்ப்பது என்றெல்லாம் அவர்களுக்குத் தெரியும். முடிந்ததும் பிரசங்கத்தை ஆலயத்திலேயே விட்டுவிட்டு, கறிக்குழம்பை நினைத்தபடி வீடு திரும்புவார்கள். அம்மாளோ சொன்னதைச் செய்துவிடுவார். இரண்டு உடை உள்ளவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று சபைப் போதகரான ஐயர் பிரசங்கித்த மத்தியானமே, அளத்து வேலைக்கு வடக்கேயிருந்து வந்த ஒரு பெண்ணுக்குத் தம் மாற்றுச் சேலையைக் கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறும் மிச்சமிருந்த ஒரே சேலையில் வந்தவரைப் பார்த்து, சபைச் செயலாளர் ஜெயசிங்கின் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"வசனத்த அப்படியே எடுத்துக்கிட்டா குடித்தனம் பண்ண முடியுமாட்டி?" என்று கேட்டார். சபை முழுவதும் மனதுக்குள் வைத்திருந்ததை அவர் வாய்விட்டுச் சொன்னார். அந்த அளவில் அவரும் நேர்மையானவர்.

அம்மாள் கைம்பெண். ஒரே மகன் ஆமோஸ், அளத்தில் மோட்டார் போடும் வேலையில் இருந்தான். அங்கே கங்காணி பொன்னையா; சபைக் கமிட்டியிலும் இருந்தவர். ஒரு நாள் காலையில் கஞ்சி குடிக்கும்போது ஆமோஸ், "வயரு தோலுரிஞ்சு கெடக்கும்மா. சொன்னா கங்காணி கேக்க மாட்டேங்காரு. போட்டாப் போடு, இல்லன்னா வீட்டுக்குப் போங்காரு" என்று சொல்லிவிட்டுப் போனான். உப்புத்தண்ணீரில் நின்றபடி சுவிட்சைத் தொட்டவன் அங்கேயே விழுந்து இறந்தான். முதலாளிக்கு வழக்கு வரக்கூடாது, தமக்கு வேலை போகக்கூடாது என்று நினைத்த பொன்னையா, பையன் செம்புக் கம்பி அறுத்துத் திருட வந்தான் என்று போலீஸிடம் சொன்னார். அதையே கமிட்டியிலும் சொன்னார்.

உப்புவிளையில் யார் இறந்தாலும் ஆலயத்தில் சாவுமணி அடிப்பார்கள். களவு செய்யப்போய் இறந்தவனுக்கு அடிக்கலாமா என்று கமிட்டி கூடி ஆராய்ந்தது. அந்த அக்கறையில் கொஞ்சத்தை மோட்டார் வயரின் மேல் காட்டியிருந்தால் ஆராய்ச்சிக்கே வேலை இருந்திருக்காது. அடிக்கக் கூடாது என்று முடிவாயிற்று. முடிவை மணி அடிப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும் அல்லவா? ஜெயசிங் வந்து தெரிவித்தார். மகனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "சரிய்யா" என்றார்.

ஆமோஸ் கல்லறைத் தோட்டத்தின் மூலையில் சத்தமில்லாமல் அடக்கம் செய்யப்பட்டான். மறுநாள் விடியலில் அம்மாள் விளக்குமாற்றோடு வந்தார். வழக்கமான ஜெபத்தோடு அன்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். "எம் புள்ள களவாங்கலன்னு அந்த மனுசன் வாயால சொல்லணும் ஆண்டவரே. வேற ஒண்ணும் கேக்கல." ஊரில் அவருக்குக் களவாணியின் ஆத்தா என்ற பெயர் நிலைத்தது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் தங்கள் குடங்களைத் தம் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த புத்தாண்டு வந்தது. அன்றைய காலை ஆராதனையின் முடிவில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றை எடுத்தால், அதில் அச்சாகியிருக்கும் வசனமே அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவருக்குத் தந்த வாக்கு. களஞ்சியம் நிரம்பும், தலை நிமிரும், எதிரிகள் ஓடிப்போவார்கள் என்ற வகை. விழுந்தது திருப்தியாக இல்லாவிட்டால் நெரிசலில் மெல்லத் திருப்பி வைத்து வேறொன்று எடுப்பவர்களும் உண்டு. அந்த வருஷம் அட்டைகள் போதவில்லை. ஞாயிறு பள்ளி அலமாரியில் கிடந்த மனப்பாட வசன அட்டைகளை ஜெயசிங் எடுத்துக் கலந்துவிட்டார். எல்லாம் வேதம்தானே என்று நினைத்தார். சிறுவர்களுக்குக் கட்டளைகள், பெரியவர்களுக்கு வாக்குத்தத்தங்கள் என்பது நம் சபைகளின் நெடுநாள் ஏற்பாடு. அது அன்றைக்குக் குழம்பிப்போயிற்று.

கடைசியாகக் கைவிட்டு எடுத்த அம்மாள், அட்டையை ஐயரிடம் நீட்டினார்.

"எனக்கு என்ன விழுந்திருக்குன்னு வாசிங்கய்யா."

பகைவன் பசித்திருந்தால் அவனுக்குச் சாப்பாடு கொடு என்று அதில் இருந்தது. வாசித்த ஐயர் சங்கடப்பட்டார். "இது சின்னப் புள்ளைகளுக்கு உள்ளதும்மா. தெரியாமக் கலந்துட்டு. வேற ஒண்ணு எடுத்துக்கோங்க."

"ஆண்டவர் குடுத்தத எப்படிய்யா மாத்த?"

ஜெயசிங் சிரித்தார். "எல்லாருக்கும் வரவு விழுந்திருக்கு, ஒனக்குச் செலவு விழுந்திருக்கு. சரி, ஒனக்கு யாரு பகையாளி? சொல்லு பாப்போம்."

சுற்றி நின்றவர்களின் சிரிப்பு பாதியில் அறுந்தது. யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் பசித்திருக்கிறார் என்பதும் தெரியும்.

பொன்னையாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டிருந்தது. மனைவி முன்பே இறந்துவிட்டார். மகன் வளைகுடா நாட்டில் இருந்துகொண்டு, லீவு கிடைத்ததும் வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பேச்சு போய், ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது. அளத்து ஆட்களைப் பார்த்து நாளெல்லாம் சொல்லிப் பழகிய 'சனியனே' என்ற வார்த்தை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். சபை அவரைக் கைவிட்டுவிடவில்லை. ஞாயிறுதோறும் நோயாளிகளுக்கான ஜெபத்தில் அவர் பெயரை முதலாவதாக வாசித்தது. யாராவது போய்ப் பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் போய்ப் பார்த்தது பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் ஒருத்திதான். ஆடு வளர்ப்பவள்; சபைக்குச் சம்பந்தமில்லாதவள். நினைப்பு வந்த நாளில் ஒரு கை சோறு கொண்டுபோய் வைப்பாள்.

புத்தாண்டன்று மத்தியானமே அம்மாள் கஞ்சிக் கும்பாவோடு அந்த வீட்டுக்குப் போனார். வாசற்படி தாண்டக் கால் வரவில்லை. கும்பாவை உள்ளே தள்ளி வைத்துவிட்டுத் திரும்பினார். நாய் குடித்தது. மறுநாளும் நாய் குடித்தது. மூன்றாவது முறை, உள்ளே கட்டிலில் கிடந்தவர் அந்த நாயைப் பார்த்தபடி தொண்டையை அசைத்து விழுங்குவதை அம்மாள் கண்டார். நாய்க்குப் போடச் சொல்லி அட்டையில் இல்லையே என்று நினைத்து உள்ளே போனார். முகத்தைத் திருப்பிக்கொண்டு கரண்டியை நீட்டினார்.

"சனியனே" என்றார் பொன்னையா. பிறகு குடித்தார்.

அன்று முதல் அதுவே அம்மாளின் தினப்படி வேலையாயிற்று. ஊட்டுவார், அழுக்கைத் துடைப்பார், வேட்டியை அலசிப் போடுவார். "கை செய்யுது ஆண்டவரே, மனசு வரல. அத நீருதான் பாத்துக்கணும்" என்பார். தம் கஞ்சியில் பாதியைத்தான் கொண்டுபோனார். நாளடைவில் அது முக்காலாயிற்று. ஒவ்வொரு நாளும் ஊட்டி முடித்ததும் ஒரு கேள்வி கேட்பார். "எம் புள்ள களவாண்டானா? வாய் வரலன்னா தலையவாவது ஆட்டும்." பொன்னையா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒரு நாள் அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. கரண்டியை வாய்க்கு எதிரே நிறுத்திப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல சொல்லும், பெறகு தாரேன்" என்றார். பொன்னையா சொல்லவில்லை, சொல்ல முடிந்ததா என்பதும் தெரியாது. அவர் வாய் மட்டும் திறந்தபடி இருந்தது. உதட்டோரம் எச்சில் வழிந்தது. கண் கரண்டியை விட்டு அகலவில்லை. அம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கஞ்சியை ஊட்டிவிட்டு, எழுந்து ஆலயத்துக்கு வந்து, பீடத்தின் முன் விழுந்தார்.

"நான் சோறு போடல ஆண்டவரே. யாவாரம் பண்ணிட்டேன். எம் புள்ள பேருக்கு வெல கேட்டுட்டேன்" என்று அழுதார். அதன்பின் அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை. விடியற்கால ஜெபத்திலிருந்தும் அதை எடுத்துவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் ஊட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கருத்தரங்குகளில் விசுவாச வளர்ச்சி என்று பேசுகிறார்களே, உப்புவிளையில் அது இப்படி, எச்சில் ஒழுகும் ஒரு வாய்க்கு முன்னால் நடந்தது. யாரும் கவனிக்கவில்லை.

கவனிக்க வேறு விஷயம் இருந்தது. ஒரு கைம்பெண் தனியாகக் கிடக்கும் ஆணின் வீட்டுக்குப் போய்வருவதைச் சபை கவனித்தது. பிணம் போலக் கிடப்பவர் என்றாலும் ஆண் ஆண்தானே என்றார்கள். வீட்டை எழுதி வாங்கப் பார்க்கிறாள், களவாணியைப் பெற்றவள்தானே என்றும் சொன்னார்கள். ஜெயசிங், ஐயர் அருகில் நிற்க, அம்மாளை அழைத்துச் சொன்னார்.

"இங்க பாரு பரிபூரணம், நீ போறத நிப்பாட்டு. இல்லன்னா திருவிருந்து வாங்க முன்னால வரக்கூடாது. கமிட்டி தீர்மானம்."

"அப்போ அவருக்கு யாருய்யா கஞ்சி ஊத்துவா?"

"அதுக்குத்தான் ஜெபிக்கோம்லா?"

ஐயர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாள், "கஞ்சிய நிப்பாட்ட முடியாதுய்யா" என்றார். அப்படியாகத் திருவிருந்திலிருந்து அவர் நீக்கப்பட்டார். கக்கூஸ் கழுவும் வேலையிலிருந்து நீக்கவில்லை. அதற்கான தகுதி அவரிடம் இன்னும் இருப்பதாகக் கமிட்டி கருதியது.

சபையார் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து ஞாயிறு வந்தது. வழக்கம்போல அம்மாள் வெறும் வயிற்றோடு வந்து, கிண்ணத்தைத் துலக்கி, மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, மணி அடித்தார். எல்லோரும் உள்ளே போனதும் வெளியே வந்து, கும்பாவை எடுத்துக்கொண்டு பொன்னையா வீட்டுக்கு நடந்தார். வெயில் அளத்து உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தியது. வீட்டில் அரிசி தீர்ந்திருந்ததால் கும்பாவில் இருந்ததுதான் இருவருக்கும் சேர்த்து. கட்டிலருகே உட்கார்ந்தவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வர, தலையைச் சட்டத்தில் சாய்த்துக்கொண்டார். கரண்டி கும்பாவில் கிடந்தது.

பேச்சியம்மாள் அப்போது ஜன்னல் பக்கம் ஆட்டுக்கு இலைக்குழை கட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் நடந்ததைச் சொன்னவள் அவள்தான்.

பொன்னையாவின் இடக்கை மெல்ல நகர்ந்து கரண்டியைப் பிடித்தது. பழக்கமில்லாத கை. கஞ்சி பாதி போர்வையில் சிந்தியது. மிச்சத்தை அவர் அம்மாளின் வாய்க்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினார். அம்மாள் கண்ணைத் திறந்து பார்த்தார். பொன்னையாவின் உதடு கோணியது. பழைய வார்த்தைதான் வரப்போகிறது என்று பேச்சியம்மாள் நினைத்தாள்.

"ஆமோசு" என்றார் பொன்னையா. மூச்சு வாங்கியது. கரண்டி ஆடியது. "நாந்தான்... அவன் இல்ல. நாந்தான்."

அம்மாள் வாயைத் திறந்து அந்தக் கஞ்சியை வாங்கிக்கொண்டார். ஆலயத்தில் ஞானப்பாட்டு ஓய்ந்து, சபையார் ஒவ்வொருவராக முழங்காலிடப் போய்க்கொண்டிருந்த நேரம் அது.

பேச்சியம்மாள் உள்ளே ஓடிவந்தாள். "யக்கா, அந்த மனுசனுக்கு வாய் வந்துட்டு. ஒப்புக்கிட்டாரு, நான் கேட்டேன். வாங்க, கூட்டம் கலையறதுக்குள்ள கோயில்ல போய்ச் சொல்லுவோம்."

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரண்டியை அவர் கையிலிருந்து வாங்கினார்.

"இரு தாயி. இன்னும் பாதிக் கஞ்சி இருக்கு."

பேச்சியம்மாள் தனியே போனாள். ஆராதனை முடிந்து வெளியே வந்த ஜெயசிங்கிடம் கண்டதையெல்லாம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ எந்தச் சபைம்மா?" என்றார். "நான் ஆட்டுக்காரிய்யா. காது கேக்கும்" என்றாள். சபை உறுப்பினர் அல்லாதவரின் சாட்சியத்தை ஏற்க விதியில் இடமில்லை என்று கமிட்டி முடிவு செய்தது. ஆண்டவரின் கல்லறை காலியாக இருக்கிறது என்று சில பெண்கள் ஓடிவந்து சொன்னபோதும் சீஷர்கள் நம்பவில்லை என்று வேதத்தில் இருக்கிறது. ஆகவே கமிட்டியாருக்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை.

பொன்னையா அதன்பின் பேசவில்லை. அந்த வாரமே காலமானார். நோயுற்ற சகோதரரைச் சபை கடைசிவரை தாங்கியது என்று அடக்க ஆராதனையில் ஜெயசிங் உருக்கமாகப் பேசினார். அந்த உடலைக் கழுவித் துணி உடுத்திவிட்ட அம்மாள் பின்வாசல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆமோஸ் உப்புவிளைக்கு இன்றும் களவாணிதான். அம்மாளை விலக்கிய தீர்மானமும் திரும்பப் பெறப்படவில்லை. அம்மாள் அதைப்பற்றி யாரிடமும் முறையிட்டதில்லை. தம் பங்கை வாங்கிக்கொண்டவருக்கு முறையிட என்ன இருக்கிறது?

திருவிருந்து மேசையிலிருந்து விலக்கப்பட்டவரைத் தேடிவந்து ஊட்டிய ஆண்டவர், அதற்கு எந்தக் கையைத் தேர்ந்துகொண்டார் என்பதை நினைக்கும்போது நமக்கெல்லாம் பேச்சு அடங்கிவிடுகிறது. வசனத்தில் கேட்டதைச் செய்த அந்தத் தாயின் பேர் நம் நாவில் தங்குவதாக.