காடை மண்ணில் புரண்ட கதை

பறவையும் பல்லியும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், தேரிக்காட்டுக் காடை முழு வெள்ளையாக இருந்தது. செம்மணலில் வெள்ளைப் பறவை உட்கார்ந்தால் வல்லூறுக்குத் தேடும் வேலையே இல்லை. போன முறை அடைகாத்துப் பொரித்த நான்கு குஞ்சுகளையும் அது தூக்கிக்கொண்டு போய்விட்டது. இந்த முறை ஐந்து முட்டைகள். பொரிக்க ஒரு நாள்தான் இருந்தது.

காடை ஓணானிடம் போனது. நிறம் பூசுவதில் ஓணானுக்கு ஈடு கிடையாது. அதை ஓணானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, மண்ணோட மண்ணா என்னை ஆக்கிவிடுங்க.”

“அதுக்கென்ன தங்கச்சி! கழுத்துல அடர் சிவப்பு, வாலுல வெளிர் மஞ்சள். நடுவுல படிப்படியா இறக்கிருவோம். என் வேலையில பிசிறே இருக்காது.”

ஓணான் ஏழு தேங்காய்ச் சிரட்டையில் ஏழு நிறம் குழைத்துப் பூசிவிட்டு, உடைமரத்தில் ஏறிப் பார்த்தது. முகம் சுருங்கிவிட்டது. ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடமெல்லாம் கோடு. மர உச்சியிலிருந்தே எண்ணிவிடலாம்.

“சிரட்டை போதல” என்று பதினாலு குழைத்தது. கோடு மெலிந்தது, மறையவில்லை. இருபத்தெட்டு குழைத்தது. கோடு நூலாக இளைத்தது, ஆனாலும் தெரிந்தது. இன்னும் சிரட்டை பொறுக்க ஓணான் கிளம்பியபோது, மணலில் வல்லூறின் நிழல் ஓடியது.

காடைக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “எனக்கு இந்தச் சாயமே வேண்டாம்!” என்று, பூச்சைத் தேய்த்து எடுக்க மணலில் விழுந்து புரண்டது. சாயமோ காயவில்லை. அது போவதற்குப் பதில் மணல்தான் ஒட்டியது. அடர்ந்த இடத்தில் வெளிர்மணல், வெளிர்ந்த இடத்தில் கருமணல், ஒரு ஒழுங்கும் இல்லாமல்.

“ஐயோ, என் வேலையைப் பாழாக்கிட்டியே!” என்று கத்திக்கொண்டே ஓணான் மரத்தில் ஏறி, இலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

காடை ஓடிப்போய் முட்டைகள் மேல் படுத்துக் கண்ணை மூடியது. வல்லூறு மூன்று சுற்றுச் சுற்றியது. பிறகு கடல் பக்கம் போய்விட்டது.

ஓணான் எட்டிப் பார்த்தது. காடையைக் காணோம். வல்லூறு தூக்கிவிட்டதென்றே நினைத்தது. “தங்கச்சி, எங்க இருக்க?” என்று கூப்பிட்டது.

“நீங்க பாத்துக்கிட்டிருக்கிற இடத்துலதான் அண்ணாச்சி.”

ஓணான் தலையைத் தூக்கிப் பார்த்தது, தாழ்த்திப் பார்த்தது. ஒரு கோடும் இல்லை. எந்த நிறம் எங்கே முடிகிறதென்று பூசிய அதற்கே தெரியவில்லை. மறுநாள் ஐந்து குஞ்சுகளும் பொரித்தன.

அன்று முதல்தான் காடை, மேலில் அழுக்கே இல்லாவிட்டாலும், நாள் தவறாமல் மண்ணில் புரண்டு எழுகிறது. ஓணானும் மரத்திலிருந்து தலையை ஆட்டி ஆட்டி அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.