படகைத் தலைகீழாகப் பார்த்த வௌவால்

வௌவால் குருவியைப் போலக் கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் அது மனிதர்களோடு பேசவும் செய்யும். பெரும்பாலும் குறை சொல்லத்தான் வாயைத் திறக்கும்.

அப்போது இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், கடலும் சதுப்பும் சந்திக்கிற ஒரு சின்ன ஊரில், ஜனங்கள் தங்களுக்கென்று ஒரு தேவாலயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ராஜா கட்டிக் கொடுக்கவில்லை. மீன் பிடிப்பவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் சேர்ந்து கட்டினார்கள். அந்தப் பக்கம் மலையே கிடையாது. வயலை உழும்போது மேலே வருகிற கைப்பிடி அளவு சிக்கிமுக்கிக் கற்களைப் பொறுக்கி, சுண்ணாம்புக் காரையில் ஒவ்வொன்றாகப் பதித்து, பதினோரு வருஷம் சுவர் எழுப்பினார்கள். மூலைகளுக்கும் ஜன்னல்களுக்கும் மட்டும் வெட்டுக்கல் தூரத்திலிருந்து படகில் வந்தது. ஜன்னல்கள் கூப்பிய கைகளைப் போல மேலே கூராக முடிந்தன. பீடம் இருக்கப்போகும் கிழக்குப் பக்கத்தில் பெரிய ஜன்னல் வைத்தார்கள், விடிந்ததும் முதல் வெளிச்சம் அங்கேதான் விழவேண்டும் என்று. எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் இதையெல்லாம் எப்படித்தான் யோசித்தார்களோ, எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

சுவர் முடிந்த நேரம் பார்த்து, கூரை போட வரவேண்டிய தச்சர் காய்ச்சலில் இறந்துபோனார். பனிக்காலத்துக்கு ஆறே வாரம் இருந்தது. கூரை இல்லாத சுவருக்குள் மழைத்தண்ணீர் இறங்கி, அது உறைந்துவிட்டால் சுவர் பிளந்துவிடும் என்று கொத்துவேலை மேஸ்திரி ஹாமோ சொல்லிவிட்டார். பதினோரு வருஷ உழைப்பும் கல்குவியலாகிவிடும்.

ஊரில் மரவேலை தெரிந்த இன்னொருவர் படகு கட்டும் ஆஸ்பெர்ன் மட்டும்தான். அவர் அதுவரை ஒரு கோழிக்கூண்டுக்குக்கூடக் கூரை போட்டதில்லை. ஊரே வந்து கெஞ்சியதும் தாடியைச் சொறிந்துகொண்டு யோசித்தார். படகைக் கவிழ்த்தால் கூரைதானே என்று ஒப்புக்கொண்டார்.

மரத்துக்காக ஊர் எல்லையிலிருந்த பெரிய ஓக் மரத்தை வெட்டினார்கள். அது விழுந்ததும் அதன் பொந்திலிருந்து ஒரு வௌவால், மார்பில் குட்டியோடு, படபடவென்று வெளியே வந்தது. நேரே ஆஸ்பெர்ன் முன்னால் போய் உட்கார்ந்தது.

"பனிக்காலம் பூரா நாங்க தூங்குற வீடு இது. இனி இந்தக் குட்டியோட நான் எங்கே போறது?" என்று கேட்டது.

ஆஸ்பெர்னுக்கு முகம் சுருங்கிப்போனது. இந்த மரம்தான் கூரையாகப் போகிறது, கூரை நின்றால் அதற்குக் கீழே உனக்கும் உன் சந்ததிக்கும் இடம் உண்டு, யாரும் விரட்டமாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்தார். கூரை நிற்கட்டும், பார்க்கலாம் என்று வௌவால் ஜன்னல் விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

வேலை நடந்தது. படகுக்கு விலாமரம் வளைப்பதைப் போலவே ஆஸ்பெர்ன் ஜோடி ஜோடியாக மரங்களைச் செதுக்கினார். ஒரு நுனி இந்தச் சுவர்மேல், மறு நுனி அந்தச் சுவர்மேல். உச்சியில் முகட்டு மரத்தோடு சேர்த்து ஓக் முளை அடித்து இறுக்கினார். ஒரு ஆணிகூடக் கிடையாது. ஏழாவது ஜோடி ஏறியபோது கீழே நின்றவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். அவ்வளவு அழகு.

ஹாமோ மட்டும் நூலில் கட்டிய தூக்குக்குண்டைச் சுவரோரம் பிடித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் சுவர் இரண்டு விரல் வெளியே சாய்ந்திருந்தது. கூரை சுவரைத் தள்ளுகிறது, நாளைக்கே பிரித்து இறக்கவேண்டும் என்றார்.

ஆஸ்பெர்னுக்குத் தப்பு பிடிபடவில்லை. நாற்பது படகு கட்டியவர், ஒன்றுகூட வாய் பிளந்ததில்லை. கழுத்து வலிக்கிறவரை பார்த்தார். பிறகு, நிமிர்ந்த படகாகத் தெரியுமா என்று குனிந்து, கால்களுக்கு நடுவே தலையை விட்டுப் பார்த்தார். மூச்சுத்தான் முட்டியது.

எல்லாவற்றையும் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது வௌவால். கூரை இறங்கினால் இந்தக் குளிரில் குட்டி பிழைக்காது. அது விருட்டென்று பறந்துபோய் முகட்டு மரத்தைக் கால்விரலால் பற்றி, தலையைக் கீழே தொங்கவிட்டது. அதற்குமுன் எந்த வௌவாலும் செய்யாத காரியம் அது. உலகம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. முகடு அடிப்பக்கத்து மரமானது. இரண்டு பக்கமும் விலாமரங்கள் எழும்பி நின்றன. அதன் கண்முன்னே ஒரு பெரிய படகு.

வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னது: "படகுக்காரரே, படகு நல்லாத்தான் இருக்கு. ஆனா துடுப்பு போடுறவங்க எங்கே உக்காருவாங்க?"

கூரையில் யார் துடுப்பு போடப்போகிறார்கள் என்று ஆஸ்பெர்ன் எரிந்து விழப்போனார். பாதியில் நிறுத்திக்கொண்டார். படகில் குறுக்கே போடுகிற பலகை உட்காருவதற்கு மட்டுமா? இரண்டு பக்கமும் பிளந்துபோகாமல் பிடித்துக்கொள்வதே அதுதான். மேலே யாரும் உட்காரப்போவதில்லை என்று அவர் அதைப் போடாமலே விட்டுவிட்டார்.

மறுநாள் ஊரார் கயிறு கட்டிச் சுவர்களை உள்ளே இழுத்துப் பிடித்தார்கள். சுவருக்குச் சுவர் குறுக்கு உத்தரங்கள் ஏறின. கீழிருந்து ஆஸ்பெர்னுக்கு மட்டம் தெரியவில்லை. இந்தப் பக்கம் தூக்கு, அந்தப் பக்கம் இறக்கு என்று ஐந்து நாள் தலைகீழாகத் தொங்கியபடியே சொன்னது வௌவால். கடைசி உத்தரம் பூட்டியதும் கயிற்றை அவிழ்த்தார்கள். ஹாமோ தூக்குக்குண்டைப் பிடித்தார். சுவர் அசையவில்லை. அந்த முரட்டு மனிதர் சுவரில் நெற்றியை வைத்து அழுதார்.

கூரை வேய்ந்து முடித்த மூன்றாம் நாள் பனி விழுந்தது. உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. வௌவாலின் குட்டி முகட்டு இடுக்கில் தூங்கிக்கொண்டிருந்தது. வேலை முடிந்தது, இறங்கி வந்து நிமிர்ந்து உட்கார் என்று ஆஸ்பெர்ன் வௌவாலைக் கூப்பிட்டார். அது உத்தரத்தில் வந்து நிமிர்ந்து உட்கார்ந்து, மேலே ஒருமுறை பார்த்தது. அதன் முகம் வெளிறிப்போனது.

"ஐயோ, படகு கவுந்து கிடக்குதே. உள்ளே என் குட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டு, பழையபடி முகட்டுக்குப் பறந்துபோய்த் தொங்கிக்கொண்டது.

அந்தப் பனிக்காலம் தொட்டுத்தான் வௌவால் தலைகீழாகத் தொங்குகிறது. அந்தத் தேவாலயத்தில் நாமெல்லாம் அண்ணாந்து பார்ப்பது கூரையை. வௌவால் பார்ப்பது, தன் குட்டியை ஏற்றிக்கொண்டு போகும் படகை.