சந்தனம் பூசிய வாட்ச்

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன மடம். சாமிக்கு ஐம்பது வயதுதான். அடுப்படியைப் பார்த்துக்கொண்ட சிஷ்யை உலகம்மாள் அவரைவிடப் பத்து வயது மூத்தவள்.

சாமிக்கு நெஞ்சில் கோளாறு. ஆபரேஷன் செய்தால் பிழைப்பார், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அழியப்போற உடம்பு. அதுக்கு இவ்வளவு செலவு தகாது" என்று சாமி மறுத்துவிட்டார்.

சிஷ்யர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. முன்னைவிடப் பெரிய மாலையாக வாங்கிவந்து போட்டார்கள். நெற்றியிலும் நெஞ்சிலும் சந்தனம் பூசிக் காலில் விழுந்தார்கள். பக்திக்கு ஒரு குறைச்சலும் இல்லை. உலகம்மாளுக்குத்தான் மனசு ஆறவில்லை. சாமி இருமும்போதெல்லாம் அடுப்படியை விட்டு ஓடிவந்து பார்த்தாள்.

அந்தச் சமயத்தில் அடுப்படி வாசலில் ஆணியில் தொங்கிய வாட்ச் நின்றுபோனது. சாவி கொடுத்தால் ஓடுகிற பழைய கைக்கடிகாரம். யாரோ சந்தையில் மலிவாக வாங்கி மடத்துக்குக் கொடுத்தது.

உலகம்மாள் அதை டவுனுக்கு எடுத்துப் போனாள். திரும்பி வந்ததும் சாமி முன்னால் உட்கார்ந்தாள்.

"ரிப்பேர்காரர் என்ன சொன்னாரு?" என்று கேட்டார் சாமி.

"பின்மூடியைத் திறந்து பாத்துட்டுச் சிரிக்காரு சாமி. உள்ள பூரா சந்தனமும் திருநீறும். வருசா வருசம் ஆயுத பூசைக்கு நாமதான அப்புனோம்? ‘கும்பிட்டுக் கும்பிட்டே நிறுத்திட்டீங்களே’ன்னாரு."

சாமியும் சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

"இனி ஓடுமாமா?"

"கழட்டிக் கழுவி எண்ணெய் விட்டா ஓடுமாம். ஆனா வாட்ச் விலையைவிடக் கூலி கூடுதலாம். தகுமா, தகாதான்னு நீங்கதான் சொல்லணும்."

"அதுல யாரு யாரு நேரம் பாக்கா?"

"நான் உலை வைக்கப் பாப்பேன். பக்கத்து வீட்டுப் பூவாத்தா பிள்ளைக்கு மருந்து குடுக்க எட்டிப் பாப்பா. ரோட்டு வேலைக்குப் போறவங்க மினி பஸ்ஸுக்குப் பாப்பாங்க."

"அப்ப வாட்ச் விலையை வச்சு என்ன கணக்கு? அதை நம்பி இருக்கவங்களை வச்சுல்லா பாக்கணும். சரி பண்ணக் குடுத்துருங்க."

"எனக்கு வேண்டாம், தகாதுன்னு வாட்சே சொன்னா?"

சாமி அவளை வேடிக்கையாகப் பார்த்தார். "அது சொல்லுச்சுன்னு நீங்க கேட்டுக்கிட்டு இருப்பீங்களா?"

"இல்ல சாமி. இனிமே கேக்க மாட்டேன்."

அவள் எழுந்து வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

"வாட்சைக் கடையிலயே குடுத்துட்டு வந்துட்டேன். வரும்போது கார் பிடிச்சுட்டு வந்தேன். வாசல்ல நிக்கு. ஆஸ்பத்திரியில இன்னைக்கே சேரணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

வெளியே டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தான். மாலைத் தட்டோடு வந்த இரண்டு சிஷ்யர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். சாமி அவர்களைப் பார்த்தார். பிறகு தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார். காலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

கழுத்து மாலையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"ஒரு ஈரத்துணி கொண்டாங்க, உலகம்மா. முதல்ல இதைத் துடைக்கணும்."