கொடுக்கன் கழற்றிப்போட்ட ஓடு

அந்தக் காலத்தில், நத்தையும் நண்டும் வாய்விட்டுப் பேசித் திரிந்தபோது, நண்டுக்கு ஓடு கிடையாது. தவளைக்கு இருப்பதுபோல மெத்தென்ற தோல்தான். ஏரிக்குக் கீழே ஒரு வயல். அதன் வரப்பில் வளை தோண்டி, கொடுக்கன் என்ற நண்டு தன் பெண்டாட்டி செவத்தாளோடும் நண்டும் சிண்டுமான குஞ்சுகளோடும் குடியிருந்தான்.

கொடுக்கனுக்கு எது பட்டாலும் வலி. முள் குத்தினால் மூன்று நாள் படுக்கை. வெயில் பட்டால் முனகல். கேட்டுக் கேட்டுச் செவத்தாளுக்குக் காது புளித்துவிட்டது.

"எனக்குந்தான் முள்ளு குத்துது. நான் என்ன ஊரைக் கூட்டுறனா?"

"உனக்கு மரத்த தோலு, புள்ள."

ஒருநாள் கொக்கு அவன் முதுகில் ஒரு கொத்து கொத்திவிட்டது. போதும் இந்தப் பிழைப்பு என்று நத்தையிடம் போய் நின்றான். நத்தை சுண்ணாம்பைக் குழைத்து, ஊசிமுனை இடம் விடாமல் பூசி, வெயிலில் ஓடாகக் காயவைத்தது.

"பூசுறதோட என் வேலை முடிஞ்சுது, மாப்ளே. அப்புறம் வந்து என்னைக் கேக்காதே."

கொடுக்கன் வீட்டுக்கு வந்து முள்மேல் நடந்து காட்டினான். முனகல் நின்றதே என்று செவத்தாளும் சும்மா இருந்தாள். பிறகு புதுமழை வந்தது. குஞ்சுகள் வெளியே ஓடிக் குதித்தன.

"யோவ், மழைய்யா."

"பெய்யுதா?" என்றான்.

செவத்தாள் ஆசையாக அவன் முதுகில் கை வைத்தாள். சற்றுப் பொறுத்துத் திரும்பி, "நீ எப்ப வந்த?" என்றான்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "முனகுனப்பவாவது வீட்டுல ஒரு ஆள் இருந்துச்சு."

மழை வலுத்து வளைக்குள் தண்ணீர் ஏறியது. பாதிக் குஞ்சுகளை அவள் சுமந்தாள், பாதியை அவன் சுமந்தான். வாய்க்காலைக் கடந்து மேட்டில் இறக்கினால், அவன் முதுகிலிருந்த கடைக்குட்டி பொடிச்சியைக் காணோம்.

"எங்கய்யா விழுந்தா?"

"தெரியலியே."

"முதுகுல இருந்த புள்ள விழுந்ததுகூடவா தெரியல?"

வைதுகொண்டே வாய்க்கால் ஓரமாக ஓடினாள். அவனும் பின்னால் ஓடினான். வெகுதூரம் கீழே, பொடிச்சி ஒரு கோரை வேரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். தூக்கியதும் விக்கி விக்கிச் சொன்னாள்.

"வழுக்குதுன்னு அப்பாவக் கிள்ளுனேன். கிள்ளிக்கிட்டே இருந்தேன். அப்பா திரும்பவே இல்ல."

கொடுக்கன் ஒரு கல்லில் சாய்ந்து மூச்சை இழுத்துப் பிடித்தான். ஓடு பின்பக்கமாக வெடித்தது. ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டு வெளியே வந்தான். வலியில் கண் பிதுங்கியது. தூறல் பட்ட இடமெல்லாம் எரிந்தது. எரிந்தாலும் சில்லென்றிருந்தது. பொடிச்சி அவன் முதுகில் ஏறி இறுகப் பற்றிக்கொண்டாள்.

"வலிக்குதாப்பா?"

"வலிக்குது. எறங்காத, அப்படியே இரு."

"கொஞ்சுனது போதும். கொக்கு வருது, உள்ள வாய்யா" என்று செவத்தாள் இருவரையும் மற்றக் குஞ்சுகள் இருந்த மேட்டுக்கு ஓட்டிவந்து, அங்கே ஒரு வளைக்குள் தள்ளினாள்.

தோலில் ஊறிய சுண்ணாம்பு நாலே நாளில் மறுபடி இறுகியது. அவன் வம்சத்துக்கே அது இறங்கிவிட்டது.

"இறுகினா மறுபடி கழட்டு. இன்னொருதரம் என்னைச் சொல்லவைக்காதே" என்றாள் செவத்தாள்.

அன்று முதல்தான் நண்டு, இறுக இறுக ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, கொஞ்ச நாள் மெத்தென்ற உடம்போடு வளைக்குள் கிடக்கிறது. வரப்போரம் வெறும் ஓட்டைக் கண்டால் நண்டு செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். உள்ளே குஞ்சுகள் கிள்ளிக்கொண்டிருக்கும். அது முனகிக்கொண்டிருக்கும்.