அடுப்படி வாசலில் நின்றவள்

இதில் ஆசிரியை இளையவர், மாணவி மூத்தவர்.

ஆசிரியையின் பெயர் செங்கமலம். ஒளிப்படக் கலைஞர். பெண்களின் வாழ்வையே படமெடுப்பவர் என்று பெயர் பெற்றிருந்தார். ஆயினும் அவருடைய படங்களில் பெண்கள் இல்லை. பெருக்கிய முற்றம் இருக்கும். துலக்கிய பாத்திரங்கள் இருக்கும். விரித்த இலை இருக்கும். பெருக்கியவளும் துலக்கியவளும் விரித்தவளும் இருக்க மாட்டார்கள்.

அவர் கையாண்டது ஒரு பழைய மரக் கேமரா. அதன் மூடியைக் கழற்றினால் திரும்ப மூட ஒரு மணி நேரம் ஆகும். அந்நேரம் முழுவதும் அசையாதிருப்பவை மட்டுமே தாளில் பதியும். நடமாடுபவர் எவரும் பதிவதில்லை.

சென்னையில் நடந்த கண்காட்சி ஒன்றில், நாற்காலியில் ஒருவர் அமர்ந்திருந்த படத்தைப் பார்த்துப் பெரியவர் ஒருவர் சிரித்தார்.

“பெண்ணுரிமை பேசுறீங்க. படத்துல ஒரு பெண்ணைக்கூடக் காணோமே அம்மா?”

“நாற்காலியில யாருங்க இருக்கறது?” என்று கேட்டார் செங்கமலம்.

“அது நல்லாவே தெரியுது. வீட்டுக்காரர்.”

“அந்த ஒரு மணி நேரத்துல அவருக்குக் காபி கொடுத்தவங்க, டம்ளரை எடுத்தவங்க, காலடியில கூட்டினவங்க எல்லாரும் அதே படத்துலதாங்க இருக்காங்க.”

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீண்டும் பார்த்தார். அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

அவருக்குப் பின்னால் நின்று கேட்டிருந்தவர் கோமளவல்லி. ஆரணிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஓவியம் கற்பித்து, அவ்வேலையை விட்டவர். அன்றே அவர் செங்கமலத்தின் மாணவியானார். ஊரெல்லாம் டீச்சர் என்று அழைத்த அவர், தம் மகள் வயதொத்த ஒருவரை டீச்சர் என்று அழைக்கத் தொடங்கினார்.

ஒருநாள் அவர் கேட்டார்.

“டீச்சர், எங்க அம்மாவுக்கு ஒரு போட்டோகூட இல்ல. கல்யாண போட்டோவுலயும் அப்பா முகந்தான் இருக்கு. அம்மா குனிஞ்சு எதையோ எடுத்துக்கிட்டிருக்காங்க.”

“எடுக்கணுமா?”

“பயமா இருக்கு டீச்சர். எங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான் ஒண்ணும் இல்லாம போச்சு.”

பெரியம்மா தனபாக்கியம், அவருடைய தந்தையின் முதல் மனைவி. சமையற்கட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது மயங்கிச் சாய்ந்து இறந்தவர். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பின்னரே வீட்டார் எட்டிப் பார்த்தனர். அந்த ஆண்டே, அவருடைய தங்கை குப்பம்மாளை அதே வீட்டுக்கு மணம் முடித்தனர். குப்பம்மாளின் மகள்தான் கோமளவல்லி.

சுமங்கலியாக மறைந்தவள் பூவாடைக்காரி ஆவாள். வீட்டைக் காக்கும் தெய்வம் ஆவாள். ஆண்டுதோறும் மஞ்சள் தடவிய புதுப்புடவை ஒன்றை மூங்கில் பெட்டியில் வைத்து அவளுக்குப் படைப்பார்கள். சென்ற ஆண்டுப் புடவையை வீட்டுப் பெண் உடுத்திக்கொள்வாள். அத்தெய்வத்துக்கு உருவம் அந்தப் புடவைதான். முகம் கிடையாது.

“அம்மாவும் ஒருநாள் அப்படிப் பெட்டிக்குள்ள ஒரு புடவையா ஆயிடுவாங்க, டீச்சர். அதுக்கு முன்னால அவங்க முகம் எனக்கு வேணும்.”

செங்கமலம் மரக் கேமராவை அவரிடம் கொடுத்தார்.

“எடுங்க கோமளாம்மா. ஆனா யாரையும் ‘நில்லு’ன்னு சொல்லக்கூடாது.”

படையல் நாளன்று கூடத்தின் மூலையில் கேமரா நின்றது.

“என்னடி இது, படையல் அன்னைக்கு வீட்டுக்குள்ள கறுப்புத் துணியைப் போத்தி வச்சிருக்கே?” என்றார் குப்பம்மாள்.

“கேமராம்மா.”

“அப்போ அப்பாவை எடு. சலவைச் சட்டை போட்டிருக்காரு.”

“நீங்களும் இங்க கொஞ்சம்...” என்று தொடங்கிய மகள், விதி நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

“எனக்கு எங்கடி நேரம்? பால் வச்சிருக்கேன்.”

தந்தை சாய்வு நாற்காலியில் செய்தித்தாளோடு அமர்ந்திருந்தார். மூங்கில் பெட்டி விளக்கின் முன் மூடியபடி இருந்தது. வீட்டில் வேறு எவரும் இல்லை. கோமளவல்லி மூடியைக் கழற்றிவிட்டுக் கேமராவின் அருகிலேயே இருந்தார். அவருடைய தாய் அடுப்படிக்கும் கூடத்துக்கும் ஓயாமல் நடந்தார்.

மறுநாள் இருட்டறையின் சிவப்பு விளக்கில் ஆசிரியையும் மாணவியும் படம் கழுவும் தட்டின் மேல் குனிந்து நின்றனர். கருவறை இருளில் கண் பழகப் பழக மூர்த்தம் புலப்படுவதுபோல் அந்தக் கூடம் திரவத்துக்குள் தோன்றியது. முதலில் தூண். பிறகு விளக்கு, பெட்டி. நாற்காலியில் தந்தை, சட்டையின் பொத்தான்கள்கூடத் தெரிந்தன.

தாய் இல்லை.

அடுப்படி வாசலில் வேறொருத்தி நின்றாள்.

புகை போலன்று. தூணைப் போல் துலக்கமாக நின்றாள். அவள் உடுத்தியிருந்த அகலக் கரைப் புடவையில் குறுக்கும் நெடுக்குமாக மடிப்புக் கோடுகள் தெரிந்தன. பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே உடுத்தியதுபோல.

கோமளவல்லி அந்த வாசலை விரலால் சுட்டினார். “இது யாரு டீச்சர்? அங்க யாருமே இல்ல. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்.”

“தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க” என்றார் செங்கமலம்.

ஊர் திரும்பியதும் கோமளவல்லி முதலில் மூங்கில் பெட்டியைத் திறந்தார். புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது. தொட்டபோது, அடுப்பருகே நெடுநேரம் நின்றவள் முந்தானையைப் போல் வெதுவெதுப்பாக இருந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

படத்தைத் தாயிடம் நீட்டினார். குப்பம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

“அக்கா” என்றார்.

பிறகு விரலால் மடிப்புக் கோடுகளைத் தடவினார்.

“நான் மடிச்ச மடிப்பு.”

“அம்மா, உங்களுக்கு பயமா இல்லையா?”

“அக்கா இவ்வளவு நேரம் ஒரே இடத்துல நின்னு நான் பார்த்ததே இல்லடி.” படத்தைத் திருப்பிக் கொடுத்தார். “நகரு. அடுப்புல பால் இருக்கு.”

கோமளவல்லி ஆசிரியையிடம் திரும்பி வந்தார்.

“செத்துப்போனவங்க தெரியறாங்க. உயிரோட இருக்கற எங்க அம்மா தெரியல. ‘நில்லு’ன்னு ஒரு வார்த்தை சொன்னா தெரிவாங்க, டீச்சர். சொல்லட்டுமா?”

செங்கமலம் கேமராவின் மேல் படிந்த தூசியை ஊதினார்.

“சொல்லலாம். அவங்க நிக்கற நேரத்துல அவங்க வேலை எங்க நிக்கும்னு பார்த்துக்கிட்டு சொல்லுங்க.”

 கோமளவல்லி கேமராவைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் அவர் தாயின் கையிலிருந்து கரண்டியை வாங்கினார்.

“உனக்குக் குழம்பு கூட்டத் தெரியாதுடி.”

“கெட்டுப்போனா நானே சாப்பிடறேன். நீங்க அந்த நாற்காலியில உட்காருங்க.”

“உங்க அப்பா நாற்காலியிலயா?” குப்பம்மாள் வாய் பொத்திச் சிரித்தார். “ஏங்க, கேட்டீங்களா உங்க பொண்ணு சொல்றதை?”

தந்தை எழுந்தார். எழுந்தவருக்கு எங்கே உட்காருவதென்று தெரியவில்லை. காபி எங்கே, கண்ணாடி எங்கே என்று கேட்டபடி கூடத்திலேயே உலாவிக்கொண்டிருந்தார். தாய் நாற்காலியில் அமர்ந்ததும் மகள் கேமராவின் மூடியைக் கழற்றினார். அடுப்பில் பாலை வைத்தார். அரிசி களைந்தார். காய் நறுக்கினார். விளக்கேற்றக் கூடத்துக்கு வந்தவர் அப்படியே நின்றார்.

தாய் தூங்கிப்போயிருந்தார்.

பகலில் தாய் தூங்கி அவர் கண்டதில்லை. தலை ஒருபுறம் சாய்ந்திருந்தது. கைகள் மடியில் விரிந்து கிடந்தன. அசைவே இல்லை. மகள் ஓடிச் சென்று காலடியில் மண்டியிட்டு, மூக்கருகே விரலை வைத்தார்.

மூச்சு வந்தது. இளஞ்சூடாக, சீராக வந்தது. விரலை எடுக்க மனம் வரவில்லை. அந்த மூச்சை உணர்ந்தபடி, தம்மை மறந்து அங்கேயே இருந்துவிட்டார்.

பாலின் நினைவு வந்தபோது பதறி எழுந்து அடுப்படிக்கு ஓடினார்.

அடுப்பு அணைக்கப்பட்டிருந்தது. பால் பாத்திரம் தரையில் வைக்கோல் பிரிமணையின் மேல் இருந்தது. தட்டால் மூடியிருந்தது. பக்கத்தில் பிடிதுணி நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“அப்பா, பாலை நீங்களா இறக்கினீங்க?”

“எந்தப் பாலை?” என்றார் தந்தை. பிறந்தது முதல் அடுப்படி வாசலைத் தாண்டாதவர் அவர்.

இரண்டாவது படத்தையும் ஆசிரியையும் மாணவியும் சேர்ந்தே கழுவி எடுத்தனர்.

நாற்காலியில் குப்பம்மாள் இருந்தார். நரைத்த புருவம், காதோரத்துத் தழும்பு, நிறைந்த தூக்கம், எல்லாம் துலக்கமாகப் பதிந்திருந்தன. அவர் காலடியில் மகள் மெல்லிய புகையாக மண்டியிட்டிருந்தார். தந்தை எங்கும் இல்லை.

அடுப்படி வாசல் வெறிச்சோடிக் கிடந்தது.

கோமளவல்லி தாயின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு அவர் பார்வை வாசலுக்குச் சென்றது.

“டீச்சர், பெரியம்மா இல்லையே. போயிட்டாங்களா?”

“பால் பொங்கிச்சா, கோமளாம்மா?”

“இல்ல. நான் இறக்கவும் இல்ல.”

செங்கமலம் படத்தைத் திரவத்திலிருந்து எடுத்துக் கொடியில் மாட்டினார். 

“அப்போ அவங்க ஒரே இடத்துல நிக்கல” என்றார்.